வீட்டுத் தோட்ட மண்ணில் ஈயம் இருக்கா? கீரை, காய்கறியை பயமில்லாமல் வளர்ப்பது எப்படி?

பழைய வீட்டின் சுவர் ஓரம், மெயின் ரோட்டை ஒட்டிய இடம், முன்பு பேட்டரி கடையோ ஒர்க்‌ஷாப்போ இருந்த மனை. இங்கெல்லாம் செடி வைத்தால் நன்றாகவே வளரும். ஆனால் மண்ணில் ஈயம் கலந்திருந்தால் பார்த்தோ, முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

ஈயம் எப்படி வந்தது?

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் அளவை தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வந்த வாகனப் புகை, உரிந்து விழுந்த பெயின்ட் எல்லாம் மண்ணிலேயே தங்கியிருக்கலாம். ஈயம் மக்கிப் போகாது.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை பாதிக்கும். பாதுகாப்பானது என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எதை நடலாம்?

தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை போன்ற காய்களுக்குள் ஈயம் ஏறுவது மிகக் குறைவு. முள்ளங்கி, கேரட், பீட்ரூட் மண்ணுக்குள்ளேயே வளர்பவை. கீரையில் மண் தெறித்து ஒட்டிக்கொள்ளும். சந்தேகமான மண்ணில் இந்த இரண்டு வகையும் வேண்டாம். செடி உறிஞ்சுவதை விட, ஒட்டியிருக்கும் மண்ணும் தூசியும் வாய்க்குள் போவதுதான் பெரிய பிரச்னை.

டெஸ்ட் எடுப்பது எப்படி?

விவசாயத்துக்கான வழக்கமான மண் பரிசோதனையில் சத்துக்களைத்தான் பார்ப்பாங்க. ‘கன உலோகம் பார்க்கணும்’ என்று தனியாக கேட்க வேண்டும். 8, 10 இடங்களில் அரை அடி ஆழம் வரை மண் எடுத்து, கலந்து கொடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்பு மண்ணுக்கான எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் 400 பிபிஎம்-ல் இருந்து 200 ஆக குறைத்தது.

சரி, என்ன செய்யலாம்?

* சுவர் ஓரத்தையும் ரோட்டு ஓரத்தையும் விட்டு தள்ளி நடுங்க.
* கீரை, கிழங்குக்கு குரோ பேக் அல்லது ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி பெஸ்ட். சுத்தமான இடத்து மண்ணும் தொழு உரமும் நிரப்புங்க. மேட்டுப்பாத்தி என்றால் அடியில் கனமான துணி விரிக்கணும்.
* வெறும் மண் தெரியாதபடி வைக்கோல், காய்ந்த இலையால் மூடுங்க. தூசியும் தெறிப்பும் குறையும்.
* பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னலை எரித்த சாம்பலை உரமாக போடவே கூடாது.
* பறித்ததை ஓடும் தண்ணீரில் கழுவுங்க. கிழங்கு என்றால் தோலை சீவிடுங்க. சமைத்தால் ஈயம் போய்விடாது.
* தோட்ட வேலை முடிந்ததும் கை கழுவணும். செருப்பு வாசலிலேயே இருக்கட்டும்.

ரிசல்ட்டில் அளவு அதிகம் என்று வந்தால், அந்த மண்ணில் சாப்பிடும் பயிர் எதுவும் வேண்டாம். பூச்செடியோ புல்லோ வைத்து மூடிவிட்டு, குழந்தைகள் அங்கே விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்க. காய்கறித் தோட்டத்தை மாடிக்கு மாற்றலாம்.