வேஷம் கட்ட முடியாதவர்கள்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஓக்லாண்ட் என்றொரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அக்டோபர் மாத மாலைகளில், ஹாலோவீனை ஒட்டி, அங்கே செத்தவர்கள் பேசுவார்கள். இருட்டியதும் வழிகாட்டி ஒருவர் கூட்டத்தை நடத்திக்கொண்டு போவார். சில சமாதிகளின் பக்கத்தில் அந்தக் காலத்து உடுப்பில் ஒரு நடிகர் நிற்பார். உள்ளே இருப்பவரே நான்தான் என்பதுபோலத் தன் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். பேய் காட்டிப் பயமுறுத்தும் சமாச்சாரம் இல்லை. வரலாறுதான், கொஞ்சம் அரிதாரத்தோடு.

1850இல் ஆறு ஏக்கரில் தொடங்கி, 1867க்குள் 48 ஏக்கராகப் பெருகிய இடம் இது. கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. முதன்முதலில் இங்கே புதைக்கப்பட்டவர் ஜேம்ஸ் நிஸ்ஸன் என்ற மருத்துவர். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், புதைக்கும் முன் தன் கழுத்து நரம்பை அறுத்துவிடச் சொன்னாராம். வாசல் பக்கம் ஜாஸ்பர் நியூட்டன் ஸ்மித், தன் கல்லறை மாடத்தின் மேலேயே சிலையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் டை கிடையாது. சிற்பி டை வைத்துச் செதுக்கிவிட, அதை எடுத்தால்தான் காசு என்று மனுஷன் அடம்பிடித்ததாக ஊரில் ஒரு கதை. ‘கான் வித் த விண்ட்’ எழுதிய மார்கரெட் மிட்செலும் இங்கேதான் இருக்கிறார்.

நடிகர்களுக்கு அல்வா மாதிரியான பாத்திரங்கள். ஆனால் வேஷம் கட்ட முதலில் ஒரு பெயர் வேண்டும். அப்புறம் ஒரு கடிதமோ, செய்தித்தாள் துணுக்கோ, புகைப்படமோ வேண்டும். இங்கே கிடக்கும் சுமார் 70,000 பேரில் அதெல்லாம் எத்தனை பேருக்கு வாய்த்தது?

1852இல் நகர மன்றம் கறுப்பின மக்களைத் தனியாகப் புதைக்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஒதுக்கியது கிழக்கு ஓரம். ‘அடிமைச் சதுக்கம்’ என்றே அதற்குப் பெயர். தோட்டம் விரிய விரிய, அந்த ஓரம் நடுவுக்கு வந்துவிட்டது. நல்ல மனை ஆயிற்றே, விடுவார்களா? 1877இல் மன்றம் உத்தரவு போட்டு, அங்கிருந்த உடல்களைத் தோண்டி வேறு பகுதிக்கு மாற்றியது. காலியான இடம் வெள்ளையர் குடும்பங்களுக்கு விலைக்குப் போனது. அடிமை முறை ஒழிந்து அப்போது பன்னிரண்டு வருஷம்.

கறுப்பினத்தவருக்கான பகுதியில் 12,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லுக்கு வசதியில்லாதவர்கள் மரப்பலகை நட்டார்கள், செடி வைத்தார்கள். பலகை மக்கிப்போயிற்று. பின்னாளில் தரைக்கடியில் ரேடார் செலுத்திப் பார்த்தபோது, அடையாளமே இல்லாத 800க்கும் மேற்பட்ட குழிகள் தெரிந்தன. இதே பகுதியில் கேரி ஸ்டீல் லோகனும் இருக்கிறார். அடிமையாகப் பிறந்து, ரயில் நிலையத்தில் வேலை பார்த்து, அங்கே கைவிடப்பட்ட குழந்தைகளைக் கூட்டிப்போய் வளர்த்து, 1888இல் அனாதை இல்லம் தொடங்கியவர். அவருக்கு வேஷம் கட்டலாம். கதை இருக்கிறது. பக்கத்துக் குழிக்கு?

பெயர் தெரியாததுதான் சிக்கல் என்றும் சொல்லிவிட முடியாது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் சிப்பாய்கள் சுமார் 6,900 பேர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் 3,000 பேர் வரை பெயர் தெரியாதவர்கள். அந்தப் பெயரற்றவர்களுக்காக 1894இல் பளிங்கில் ஒரு பெரிய சிங்கம் செதுக்கி வைத்தார்கள். 2021இல்தான் நகராட்சி அதை அகற்றியது. அதாவது 127 வருஷம் பெயரில்லாத ஒரு கூட்டத்துக்குச் சிங்கம் இருந்தது. பெயரில்லாத இன்னொரு கூட்டத்துக்கு மக்கிய பலகை.

எனக்கு வசனம் எழுதக் கொடுத்தால் பழைய அடிமைச் சதுக்கத்தில் ஒரு காட்சி வைப்பேன். அடிமை வேஷத்தில் யாரும் வேண்டாம், இல்லாத வார்த்தைகளை அவர்கள் வாயில் திணிக்கவும் வேண்டாம். 1877இன் நகர மன்ற உறுப்பினர் ஒருவர் கோட்டும் தொப்பியுமாக வரட்டும். தோண்டச் சொல்லும் தீர்மானத்தைப் படித்துவிட்டு, எந்த மனை காலியாக இருக்கிறது என்று கூட்டத்திடம் கூவி விற்கட்டும்.