சாரணர் விதி வளர்ந்த வரலாறு



சாரணர் படை, தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் என்னும் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் உங்களுள் பலர் உறுப்பினராயிருப்பீர்கள். சேர்ந்த அன்று சில விதிகளை உங்களிடம் கொடுத்து, உரக்கச் சொல்லச் செய்திருப்பார்கள். சொன்ன விதிகளுள் எத்தனை இன்று நினைவில் உள்ளன என்று கேட்டால் சிலர் தலைகுனியக்கூடும். அவர்களைக் கடிந்துகொள்வது என் நோக்கம் அன்று. ஒரு விதி எங்கே பிறந்தது, எவரெவர் கையில் மாறியது, ஏன் மாறியது என்பதை அறிந்தவனுக்கு அது எளிதில் மறவாது. செங்கற்பட்டு வட்டாரத்துப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் சாரண ஆசிரியனாகவும் நெடுங்காலம் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். ஆதலின் எனக்குப் பழக்கமான சாரணர் விதியையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சாரணர் என்பது நம் மொழிக்குப் புதிய சொல் அன்று. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வழிநடையில் சாரணரைக் கண்டு வணங்குகின்றனர். அவர்கள் சமண முனிவர்கள்; ஓரிடத்தில் தங்காது இயங்கி அறம் உரைப்பவர்கள். இயங்கிக்கொண்டே இருப்பவன், அறத்தைக் கையில் கொண்டவன் என்னும் இரு பொருளும் இக்காலச் சாரணச் சிறுவனுக்கும் பொருந்துதல் காண்க.

இயக்கமோ இங்கிலாந்தில் தோன்றியது. தென்னாப்பிரிக்கப் போரில், 1899-ஆம் ஆண்டு முதல் 1900-ஆம் ஆண்டு வரை மாபெகிங் என்னும் ஊர் முற்றுகையிடப்பட்டபோது, அதனைக் காத்துநின்ற தளபதி பேடன் பவல். அங்கே சிறுவர்கள் செய்தி கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றுத் திறம்பட நிறைவேற்றினர். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவன் அதனைத் தாங்குவான் என்னும் உண்மை அங்கே விளங்கிற்று. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரவுன்சீ என்னும் சிறு தீவில், செல்வர் வீட்டுச் சிறுவரையும் தொழிலாளர் வீட்டுச் சிறுவரையும் ஒருங்கே சேர்த்து அவர் ஒரு முகாம் நடத்தினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் சாரணர் விதி ஒன்பது பிரிவுகளாக அமைந்தது. சில ஆண்டுகளில் மனம், மொழி, செயல் மூன்றிலும் தூய்மை என்னும் பத்தாவது விதி சேர்ந்தது.

அவ்விதிகளுள் இரண்டினை இங்குக் குறித்துக்கொள்ளுங்கள். சாரணன் அரசருக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் விசுவாசம் உடையவன் என்றது இரண்டாம் விதி. எவ்வகுப்பில் பிறந்தவராயினும் பிற சாரணர் அனைவரும் தனக்குச் சகோதரர் என்றது நான்காம் விதி. இந்தியாவில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதின.

1909-ஆம் ஆண்டு பெங்களூரில் நம் நாட்டின் முதற் சாரணர் படை தோன்றியது. ஆயினும் தொடக்கக் காலத்துப் படைகளில் ஐரோப்பியச் சிறுவரும் ஆங்கிலோ இந்தியச் சிறுவருமே சேர்க்கப்பட்டனர். இந்தியச் சிறுவருக்கு வேவு பார்க்கவும், அணிவகுக்கவும், கூடிச் செயலாற்றவும் கற்பித்தால் நாளை அவர்கள் ஆட்சியை எதிர்ப்பர் என்னும் அச்சம் அதிகாரிகளுக்கு இருந்தது. உலகச் சகோதரத்துவம் பேசிய விதி, இந்தியப் பிள்ளையின் முன்னே கதவைச் சாத்திக்கொண்டது.

அக்கதவைத் திறக்க முயன்றவருள் முதன்மையானவர் அன்னி பெசன்ட் அம்மையார். செங்கற்பட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடையாற்றிலிருந்து அவர் பணியாற்றினார். 1916-17-ஆம் ஆண்டுகளில் ஜார்ஜ் அருண்டேல் முதலியோரின் துணையுடன் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சாரணர் சங்கம் ஒன்றைச் சென்னையில் நிறுவினார். அதே காலத்தில் தன்னாட்சிக் கிளர்ச்சியையும் அவர் நடத்திவந்தார். அதன் பொருட்டுச் சென்னை அரசாங்கம் 1917-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மையாரையும் அருண்டேலையும் வாடியாவையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. சிறுவருக்கு நல்லொழுக்கம் கற்பிக்க முன்வந்தவர்களே அரசருடைய அதிகாரிகளால் அடைக்கப்பட்டனர். அந்நிலையில் இரண்டாம் விதியை ஓர் இந்தியச் சிறுவன் எவ்வாறு சொல்லியிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

வடநாட்டிலும் இதே முயற்சி எழுந்தது. மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921-ஆம் ஆண்டு பேடன் பவல் இந்தியா வந்தபோது அன்னி பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது. 1937-ஆம் ஆண்டு அவர் மீண்டும் வந்து சென்றபின், இந்தியருடைய குணத்தைக் குறைத்துக் கூறினார் என்னும் செய்தி பரவிப் பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. பலர் அவ்வியக்கத்தை விட்டு வெளியேறினர். 1938-ஆம் ஆண்டு ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று.

சாரணர் உறுதிமொழியின் முதற் சொல்லே மானத்தின்மேல் ஆணையிடுவது. திருவள்ளுவர் மானத்திற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் 97-ஆவது அதிகாரம். அத்தகைய மரபில் வந்த பிள்ளைகள் தம் மானம் குறைவுபட்டதாக உணர்ந்தபோது, மானத்தின்மேல் ஆணையிட்ட சங்கத்தையே விட்டு விலகினர். இதனை விதியை மீறிய செயல் என்பதா, விதியைக் காத்த செயல் என்பதா? என் கருத்தைக் கேட்டால், விதியின் முதல் வரியைக் காப்பதற்காக இரண்டாம் வரியைத் துறந்தனர் என்பேன்.

நாடு விடுதலை பெற்றபின் பிரிந்தவர் கூடினர். 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் சங்கம் பிறந்தது. 1951-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சாரணியரும் அதில் இணைந்தனர். இன்று இச்சங்கத்தின் விதிகள் ஒன்பது. நம்பிக்கைக்கு உரியவன், விசுவாசமுள்ளவன், அனைவர்க்கும் நண்பன்; பிற சாரணர்க்குச் சகோதரன், மரியாதையுள்ளவன், விலங்குகளின் நண்பன்; இயற்கையை நேசிப்பவன், கட்டுப்பாடுடையவன்; பொதுச்சொத்தைக் காக்க உதவுபவன், துணிவுள்ளவன், சிக்கனமுள்ளவன், மனம் மொழி செயல்களில் தூயவன் என்பன அவை.

பழைய விதியையும் புதிய விதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விசுவாசம் இருக்கிறது, அரசர் இல்லை. உறுதிமொழியில் அரசர் இருந்த இடத்தில் நாடு அமர்ந்திருக்கிறது. கேள்வி கேளாமல் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்றிருந்த இடத்தில், கட்டுப்பாடும் பொதுச்சொத்தைக் காத்தலும் வந்திருக்கின்றன. ஆளப்படுபவனுக்கு எழுதிய விதி, ஆட்சியில் பங்குடைய குடிமகனுக்கு உரிய விதியாக மாறியிருக்கிறது. முதல் விதி மட்டும் இடம் மாறவில்லை: நம்பத்தக்கவனாக இரு.

உறுப்பினருக்கு ஒழுக்க விதி வகுத்தலும், குறை கண்டால் அதனைத் திருத்துதலும் நம் மண்ணுக்குப் புதியன அல்ல. செங்கற்பட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் உத்திரமேரூர். முன்னர்ப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலும், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அமைந்தது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. முன்னது கி.பி. 919-ஆம் ஆண்டினது, பின்னது 921-ஆம் ஆண்டினது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன. முதல் ஏற்பாட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 வரை எனத் திருத்தப்பட்டது.

தகுதியின்மைகளைக் கேளுங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர இயலாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வர இயலார். பிறர் பொருளைக் கவர்ந்தவன் வர இயலாது. அண்மையில் மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவனும் வர இயலாது. தேர்தல் நாளில் ஊரார் அனைவரும் காண, ஓலைகள் நிறைந்த குடத்தை முதியவர் ஒருவர் உயர்த்திக் காட்டுவார். ஏதும் அறியாத ஒரு சிறுவன் அதனுள் கைவிட்டு ஓர் ஓலையை எடுப்பான். அதனைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிப்பார். பின்னர்ப் பிறரும் வாசிப்பர். கற்றறிந்த பெரியோர் நிறைந்த சபை, தன் நேர்மையை ஒரு சிறுவனின் கையில் ஒப்படைத்தது.

குறையையும் சொல்லுதல் வேண்டும். அச்சபையில் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே இடம் இருந்தது; உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. யார் நேர்மையுடன் நடக்க வேண்டும் என்பதை அவ்விதி நுட்பமாக வகுத்தது. யார் உள்ளே வரலாம் என்பதில் குறுகி நின்றது. சாரணர் விதியின் முதற்காலக் குறையும் இதுவே அன்றோ?

விதி ஏட்டிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியதை நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மாமல்லபுரத்தை அடுத்த சவுக்குத் தோப்பு ஒன்றில் எங்கள் படை நான்கு நாள் முகாம் இட்டிருந்தது. செலவுக் கணக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் இருந்தது. மூன்றாம் நாள் இரவு கணக்கில் 35 ரூபாய் இடித்தது. கடைக்காரர் தந்த சீட்டோடு ஒப்பிட்டபோது, வாங்காத காய்கறிக்குக் கணக்கு எழுதப்பட்டிருந்தமை தெரிந்தது. மாணவன் அழுதுகொண்டே தன் பையிலிருந்து ஒரு கிளிஞ்சல் மாலையை எடுத்து வைத்தான். வீட்டில் தங்கை கேட்டிருந்தாளாம்.

சாரணர் முறைப்படி இத்தகைய வழக்கை அணித்தலைவர்கள் கூடித் தீர்க்க வேண்டும். நான் விலகி நின்றேன். நான்கு அணித்தலைவருள் ஒருவன் எழுந்து, "ஐயா, அவன் என் சித்தி மகன். இதில் நான் உட்காருவது முறையாகாது" என்று சொல்லித் தோப்பின் விளிம்பில் போய் நின்றுகொண்டான். மற்ற மூவரும் நெடுநேரம் பேசினர். அவனைப் படையிலிருந்து நீக்க வேண்டும் என்றான் ஒருவன்; சகோதரன் என்று விதி சொல்கிறதே என்றான் மற்றொருவன். முடிவில், மாதம் ஐந்து ரூபாயாக அவன் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஓராண்டு கணக்கைத் தொடக்கூடாது, படையில் தொடரலாம் என்று தீர்த்தனர். அத்தோடு புதிய விதி ஒன்றையும் இயற்றினர். இனிக் கணக்கை இருவர் எழுத வேண்டும். இரவு தீ மூட்டிக் கூடும்போது அதனை அனைவர் முன்னும் வாசிக்க வேண்டும்.

மறு மாதம் அவர்களை உத்திரமேரூருக்கு அழைத்துச் சென்றேன். கணக்குக் காட்டாதவனின் உறவினரைப் பற்றிய பகுதியை நான் விளக்கியபோது, விலகி நின்ற அந்த அணித்தலைவனைப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். கல்வெட்டை அவன் அதற்குமுன் கண்டதில்லை. தன் உறவினன் வழக்கில் தான் நீதி சொல்லலாகாது என்பதை எவரும் சொல்லாமலே உணர்ந்திருந்தான். கணக்கில் தவறியவனும் ஏழு மாதத்தில் பணம் முழுவதையும் கட்டி முடித்தான். ஓராண்டு கழிந்தபின் அணித்தலைவர்களே அவனை அழைத்துக் கணக்கேட்டை மீண்டும் அவன் கையில் கொடுத்தனர்.

மாணவர்களே, உங்கள் சங்கத்தின் விதித்தாளை இன்று மாலை தேடி எடுங்கள். ஒவ்வொரு வரியும் எதற்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். அது யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் பாருங்கள். குறை இருப்பின் கூடிப் பேசித் திருத்துங்கள்; திருத்தும் வரையில் மறைவில் மீறாதீர்கள். பொதுப்பணத்தின் கணக்கைப் பலர் கேட்க வாசியுங்கள். உறவினனுடைய வழக்கில் எழுந்து விலகுங்கள். தவறியவனைத் திருத்தி உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் செய்ததை நான் கண்டிருக்கிறேன். ஆதலின் உங்களாலும் இயலும் என்று துணிந்து கூறுகிறேன்.