பலகை தொங்கவிட்ட பேராசிரியர்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நான் இன்ஜினீயர், எனக்கென்ன சரித்திரம் தெரியும்?" என்று நழுவப் பார்த்தேன். செயலாளர் விடவில்லை. எனவே நம் பக்கத்துக் கடலைப் பற்றிய ஒரு சரித்திரம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு வேலை. ஒரு ஞாயிறன்று எண்ணூர் கழிமுகத்தில், கையால் இறால் தடவிப் பிடிக்கும் ஓர் அம்மாவைப் பார்த்தேன். உள்ளங்காலெல்லாம் கீறல். "காக்கா ஆழி தம்பி. சேத்தையே மூடிடுச்சு. இறால் எங்க தங்கும்?" என்றார். பத்து வருடமாக அந்த வழியாகப் போகிறேன். ஒருநாளும் தண்ணீருக்குள் பார்த்ததில்லை. வெட்கமாகிவிட்டது.

காக்கா ஆழி தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கேரளக் காயல்களில் அது பரவியதை 2019-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சரக்கில்லாத கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கேற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டும். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாகவோ, கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ இவை ஊர்விட்டு ஊர் வருகின்றன.

இதெல்லாம் புதுசு என்று நினைத்தேன். இல்லை! ஆந்திரப் பல்கலைக்கழக விலங்கியல் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் பி. என். கணபதி, ஐம்பதுகளிலேயே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒட்டி வளரும் உயிர்களை ஆராய்ந்தார். இத்தகைய ஆய்வுக்குப் பெரிய கருவி வேண்டாம். தண்ணீரில் பலகையைத் தொங்கவிட்டு, மாதாமாதம் எடுத்து, ஒட்டியிருப்பதை எண்ணி எழுத வேண்டும், அவ்வளவுதான். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1958-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதே துறைமுகத்தில் 1967-இல் அமெரிக்க வெப்பமண்டலக் கடலின் மட்டி ஒன்று தென்பட்டது. அதைப் பற்றி 1971-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவனுக்குத்தானே அந்நியன் நுழைந்தது தெரியும்?

அதே இனத்தைச் சேர்ந்த மட்டி 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் தென்பட்டது. ஆறு மாதம் முன்பு எடுத்த கணக்கில் அது இல்லை! உடனே படகுத்துறைகளின் மதகுகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டி, சில வாரங்களில் அடியோடு ஒழித்தார்கள்.

பிறகு உலக நாடுகள் கூடி 2004-இல் கப்பல் நிலைநீர் ஒப்பந்தம் செய்தன. 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வெளியேற்றும் ஒரு கன மீட்டர் நீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் பத்துக்கும் குறைவாகத்தான் இருக்கலாம். வடிகட்டியும் புற ஊதா விளக்கும் கப்பலேறின. நம்மவர்களுக்கு நல்ல வேலைவாய்ப்பும்கூட!

ஆனால் எண்ணூருக்கு மதகு இல்லை. வந்ததைத் துரத்துவது கஷ்டம். அடுத்து வருவதையாவது முதலிலேயே பார்க்கலாம் அல்லவா? தம்பி தங்கைகளே, விலங்கியல் படிப்பவர்கள் எண்ணுங்கள். சட்டமும் நைலான் கயிறும் என் பொறுப்பு. முதல் பலகையை அந்த அம்மா காட்டும் இடத்தில் தொங்கவிடுவோம்.