என்ஜின் கொதிப்பு (சிறுமலைப் பாதை)

காரின் என்ஜினில் உண்டாகும் வெப்பத்தை அதன் குளிரூட்டும் அமைப்பால் வெளியேற்ற முடியாமல் போகும் நிலை. திண்டுக்கல் சமவெளியிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிறுமலைக்கு ஏறும் வண்டிகளுக்குக் கோடையில் இந்த ஆபத்து அதிகம்.

காரணங்கள்: ஏற்றத்தில் என்ஜின் கூடுதலாக உழைக்கிறது. வண்டி மெதுவாக ஊர்வதால் ரேடியேட்டரில் மோதும் காற்று குறைந்து, முழுச் சுமையும் விசிறி மேல் விழுகிறது. கூலன்ட் கசிவு, தேய்ந்த பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட், தூசி அடைத்த ரேடியேட்டர் ஆகியவை நிலையை மோசமாக்கும்.

தடுக்கும் முறை: என்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில், கூலன்ட் டப்பாவின் இரு கோடுகளுக்கு இடையே அளவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் படிவு கட்டும். கிளைகாலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட், நல்ல அழுத்த மூடி இருந்தால், 120 டிகிரி செல்சியஸிலும் கொதிக்காது. ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் சீராக ஓட்டுவது நல்லது.

சூடேறினால்: வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கும்போதே ஏசியை நிறுத்தி, வளைவு இல்லாத அகலமான இடத்தில் ஒதுங்கி, என்ஜினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பீறிடும் கொதிநீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரைமணி நேரமாவது ஆறவிட்ட பிறகே கூலன்ட் ஊற்ற வேண்டும்.