எடிட்டர் இல்லாத மாங்கா: மெகாடோக்கியோவின் பலமும் பலவீனமும்

மாங்கா என்றதும் நமக்கு உப்பும் மிளகாய்த்தூளும்தான் ஞாபகம் வரும். இது அந்த மாங்கா இல்லை, ஜப்பானியக் காமிக்ஸ். அதிலும், இரண்டு அமெரிக்கர்கள் பொழுதுபோக்காக இணையத்தில் ஆரம்பித்த ஒன்று. பெயர் மெகாடோக்கியோ. அமெச்சூர் வெப்காமிக் ஒன்று எவ்வளவு தூரம் போகலாம், எங்கே போய் மாட்டிக்கொள்ளும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் வரலாறு. 2000 ஆகஸ்ட் 14 அன்று முதல் பக்கம் வந்தது. எழுத்து ராட்னி காஸ்டன், படம் ஃப்ரெட் கலாகர். கலாகர் தொழிலால் கட்டடக்கலைஞர். காஸ்டன் விடாமல் நச்சரித்ததால்தான் வரைய ஆரம்பித்தார். கதைத் திட்டம் என்று எதுவும் கிடையாது. பெயர்கூட காஸ்டன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த இணைய முகவரியிலிருந்து வந்ததுதான்.

கதை எளிது. பீரோ, லார்கோ என்று இரண்டு வீடியோ கேம் பைத்தியங்கள் அமெரிக்காவில் ஒரு வம்பில் மாட்டி டோக்கியோவுக்கு ஓடுகிறார்கள். திரும்பி வரக் கையில் காசில்லை. பீரோவுக்கு ஜப்பானிய மொழி தெரியும், லார்கோவுக்குத் தெரியாது. அவ்வளவுதான் மூலதனம்.

இனி பலங்கள். முதல் பலம் கோடு. கலாகர் பென்சிலில் வரைந்ததை மேலே மை ஓட்டாமல் அப்படியே ஸ்கேன் செய்து போட்டார். அச்சுத்தொழிலில் இதை அரைகுறை வேலை என்பார்கள். ஆனால் கூச்சப்படும் ஒரு முகத்துக்கு அந்தச் சாம்பல் நிற மென்மை அபாரமாகப் பொருந்தியது. கட்டடக்கலைஞர் அல்லவா, டோக்கியோ தெருக்களும் ரயில் நிலையங்களும் கண்ணுக்கு நிஜமாகவே நிற்கும்.

இரண்டாவது, மாயாஜாலத்தைக் கையாண்ட விதம். இந்த டோக்கியோவில் ராட்சத மிருகங்கள், ஜோம்பிகள், ரோபோ பெண் எல்லாம் உண்டு. ஆனால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மிருகங்கள் நகரத்தைத் தாக்குவதை ஒழுங்குபடுத்தப் போலீஸில் தனிப்பிரிவே இருக்கிறது! நம்ம ஊரில் ஊர்வலத்துக்கு அனுமதி வாங்குகிற மாதிரி. லார்கோ பார்க்கிற நகரத்தில் போர் நடக்கிறது. அதே நகரத்தில் பீரோ பார்ப்பது கிமிகோ என்ற, குரல் நடிகையாக முயலும் ஒரு பெண்ணின் தயக்கம். ஒரே ஊர், இரண்டு கதைவகைகள். இதுதான் இந்தக் காமிக்ஸின் நிஜமான கண்டுபிடிப்பு என்பேன்.

மூன்றாவது, மொழி விளையாட்டு. ஜப்பானியப் பேச்சைக் கோண அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் தருவார்கள். யாருக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்பதிலேயே பாதி நகைச்சுவை ஓடிவிடும்.

சரி, பலவீனங்கள்? பெண் பாத்திரங்களின் முகங்கள் ஒன்றுபோலவே இருக்கும். சிகையலங்காரத்தை வைத்துத்தான் ஆள் அடையாளம். கிளைக்கதைகள் கிளைத்துக்கொண்டே போகும். அதைவிடப் பெரிய குறை வேகம். வருடக்கணக்கில் வெளிவந்தும் கதைக்குள் நகர்ந்தது சில வாரங்கள்தான். வாரம் மூன்று பக்கம் என்ற கணக்கு மெல்லக் குறைந்தது. பக்கம் தயாராகாத நாட்களில் நண்பர் ஒருவர் வரைந்த குச்சி மனிதர்கள் வந்தார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் கணிப்பு வேறு. ஜப்பானில் தொழில்முறை மாங்கா எப்படி உருவாகிறது என்று பாருங்கள். வரைவதற்கு முன் ‘நேம்’ எனப்படும் கட்டவாரியான கரட்டு வரைவை எடிட்டரிடம் காட்ட வேண்டும். அவர் ‘இந்தக் காட்சி எதுக்கு?’ என்று கேட்பார். அந்தக் கேள்விதான் கதையை நகர்த்துகிறது. மெகாடோக்கியோவில் அப்படிக் கேள்வி கேட்கும் பதிப்பக எடிட்டர் கிடையாது. ஆனால் ஆரம்பத்தில் அந்த வேலையை அறியாமலேயே செய்தவர் காஸ்டன். நான்கு சதுரக் கட்டங்கள், கடைசிக் கட்டத்தில் ஒரு ஜோக் என்ற சட்டகம் இருந்தது. ஒருவர் உருகினால் இன்னொருவர் இழுத்துப் பிடித்தார்.

2002-ல் காஸ்டன் விலகினார். அதே வருடம் கலாகரின் வேலையும் போய், காமிக்ஸே முழுநேரத் தொழிலானது. சட்டகம் விரிந்தது, கட்டங்கள் பெரிதாயின, மனிதர்கள் ஆழமானார்கள். கூடவே, போதும் என்று சொல்ல ஆளில்லாமல் போனது. ஆழமும் தேக்கமும் ஒரே கதவு வழியாகத்தான் உள்ளே வந்தன.

அங்கீகாரத்துக்குக் குறைவில்லை. ஸ்டூடியோ அயர்ன்கேட், டார்க் ஹார்ஸ், டிசியின் சிஎம்எக்ஸ் என்று பதிப்பகங்கள் மாறி மாறிப் புத்தகமாக்கின. ஜப்பானின் கோடன்ஷாவே மொழிபெயர்த்துப் போட்டது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்ற கதை!

பிறகு 2013. இதே கதையை விஷுவல் நாவலாக, அதாவது படித்துக்கொண்டே விளையாடும் கேமாக மாற்ற கிக்ஸ்டார்ட்டரில் 20,000 டாலர் கேட்டார்கள். சுமார் 3 லட்சம் டாலர் குவிந்தது. வருடங்கள் போயின, முழு கேம் கைக்கு வரவில்லை. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி பழக்கம்தான். எல்லை வரையாத ப்ராஜெக்ட்டுக்குப் பணம் சேரச் சேர, முடிவு தள்ளித்தான் போகும்.

இலவசமாகத் தரும் அமெச்சூர் கலைஞனிடம் வாசகன் கடன் கேட்க முடியாது. ‘அவர் இஷ்டம், அவர் கதை’ என்பது நியாயம்தான். பணம் வாங்கிய நாளிலிருந்து அந்த நியாயம் செல்லாது. அமெச்சூரின் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு தொழில்முறை வாக்குறுதி கொடுத்ததுதான் இங்கே நடந்த தவறு, திறமைக் குறைவு இல்லை.

இணையத்தில் இப்போது தமிழில் சித்திரக்கதை வரையும் பிள்ளைகளுக்கு என் சிபாரிசு: முதல் இருநூறு பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். பென்சில் கோட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்படியே ‘இந்தக் காட்சி எதுக்குடா?’ என்று கூசாமல் கேட்கிற ஒரு நண்பனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.