செல்லுக்குள் சரக்குப் பாதை – 7: சுருண்டு விழுந்த ஈ

கண்ணாடிக் குழாய்க்குள் ஈக்கள் மல்லாந்து கிடந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். செத்துவிட்டனவா என்பதுதான் கேள்வி.

சாகவில்லை. பலமனேரிலிருந்து மொகிலி மலைப்பாதை வழியாகச் சித்தூருக்கு இறங்குகிறவர்களுக்கு அவற்றின் நிலை பாதியாவது புரியும். மேலே காற்று இதமாக இருக்கும். மே மாதத்தில் இறங்க இறங்கப் பேருந்தின் ஜன்னல் கம்பி கையைச் சுடும். சித்தூர் நடுப்பகலுக்கு 38 டிகிரி சாதாரணம். நமக்கு வியர்க்கும், அவ்வளவுதான். சாதாரணப் பழ ஈயும் அந்தச் சூட்டில் நடமாடிக்கொண்டுதான் இருக்கும். குழாயில் இருந்த மரபணுத் திரிபு ஈக்களோ கால் மடங்கிச் சுருண்டன. குளிர்ந்த இடத்துக்கு மாற்றியும் உடனே எழவில்லை. நெடுநேரம் கழித்தே மயக்கம் தெளிந்தவைபோல மெல்ல அசைந்தன. 'கொமட்டோஸ்', அதாவது ஆழ்மயக்கம் என்றே அந்த ஈக்குப் பெயர்.

அதை ஆராய்ந்தவர் ஒபைத் சித்திக்கி. 1932இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் பிறந்தவர். 1962இல் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கியவர். கலிஃபோர்னியாவில் சீமோர் பென்சரோடு சேர்ந்து, ஈயின் பறக்கும் தசைகளில் மின்துடிப்பை அளந்தார். கோளாறு நரம்பு மண்டலத்தில் இருந்தது. 1976இல் கட்டுரை வெளிவந்தது. ஆனால் நரம்புக்குள் பழுதான பொருள் எது? அது தெரிய இன்னும் 19 ஆண்டுகள் ஆயின.

விடை இரண்டு ஊர்களில் தனித்தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. பெர்க்லியில் ராண்டி ஷெக்மன், 37 டிகிரியில் சுரப்பை நிறுத்திவிடும் ஈஸ்டுகளைச் சேர்த்தார். 1980க்குள் 23 மரபணுக்கள் கையில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ரோத்மன், செல்லை உடைத்து அதன் சரக்குப் போக்குவரத்தைக் குப்பிக்குள்ளேயே ஓடவிட்டார். ஒரு வேதிப்பொருளைச் சேர்த்ததும் ஓட்டம் நின்றது. எந்தப் புரதத்தைத் திரும்பச் சேர்த்தால் ஓடும் என்று தேடி, 1988இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் என்எஸ்எஃப். ஷெக்மனின் 18ஆம் மரபணு உண்டாக்குவதும் அதே புரதம் என்று மறு ஆண்டே தெரிந்தது. 1995இல் பாலங்க், ஆர்ட்வே, கனெட்ஸ்கி மூவரும் கொமட்டோஸ் ஈயில் பழுதான மரபணுவைப் படித்தார்கள். அதுவும் என்எஸ்எஃப்!

அந்தப் புரதம் செய்யும் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நரம்பின் நுனியில் சேதிப்பொருளை நிரப்பிக்கொண்டு நுண்குமிழிகள் காத்திருக்கின்றன. குமிழிக்கும் கொழுப்புச் சவ்வு, செல்லின் சுவருக்கும் கொழுப்புச் சவ்வு. இரண்டும் நெருங்கினால் தானாக ஒட்டாது. நடுவே நீர்ப்படலம், எதிரெதிரே ஒரே வகை மின்னூட்டம். குமிழியிலிருந்து ஒரு புரத இழையும் சுவரிலிருந்து மற்ற இழைகளும் நீண்டு, சடைபோல இறுகப் பின்னிக்கொள்கின்றன. பின்னல் இறுகும் விசையில் இரண்டு கொழுப்பும் கலக்கின்றன, சரக்கு வெளியே கொட்டுகிறது. பலமனேர்ப் பசுவின் மடியில் பால்புரதம் செல்லைவிட்டு வெளியேறுவதற்கும் இத்தகைய பின்னல்தான் வேண்டும்.

முதலில் என்எஸ்எஃப்தான் சவ்வுகளைக் கலக்கிறது என்று நினைத்தார்கள். அதைத் திருத்த கொமட்டோஸ் ஈ உதவியது. சூடேறிய ஈயின் நரம்பில் பிரியாத பின்னல்கள் குவிந்து கிடந்ததை 1998இல் கண்டார்கள். பின்னிய சடையை ஆற்றல் செலவழித்துப் பிரித்து, இழைகளை மறுபடி வேலைக்கு அனுப்புவதே என்எஸ்எஃபின் பணி. பிரிக்க ஆளில்லாவிட்டால் பின்ன இழை இருக்காது, ஈ விழும். இத்தொடரில் இதுவரை வந்த எல்லாவற்றிலும் என்னை அதிகம் நெகிழ வைத்தது இந்த ஈதான்.

பலமனேரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பெங்களூர். அங்கே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கிய சித்திக்கி, சாலை விபத்தொன்றில் அடிபட்டு 2013 ஜூலை 26 அன்று காலமானார். ரோத்மன், ஷெக்மன், இதே துறையைச் சேர்ந்த தாமஸ் சூடாஃப் மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று. இடையில் எழுபத்து மூன்று நாள்.

சித்திக்கியும் பென்சரும் அதே 1976 கட்டுரையில் இன்னொரு ஈயையும் சோதித்திருந்தார்கள். ஜப்பானிய மொழியில் மரத்துப்போதல் என்று பொருள்படும் 'ஷிபிரே'. அது 30 டிகிரியிலேயே விழும்; குளிர்ந்ததும் சட்டென்று எழும். அதன் நரம்பு நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். காலிக் குமிழிகள் உள்ளே திரும்ப முயன்று, கழுத்து அறுபடாமல் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. கழுத்தை அறுக்கும் புரதத்துக்கு இடம் காட்டுவதில் சவ்விலிருக்கும் ஒரு கொழுப்புக்கும் பங்கு உண்டு. அந்தக் கொழுப்புக் குடும்பம் செல்லுக்குள் வேலை செய்வதன் முதல் தடயம் 1953இல், ஒரு புறாவின் கணையத் துண்டில் தென்பட்டது. ஒரு கணவன் மனைவியின் மேசையில்.

(அடுத்த வாரம்)