சூரியக் கதிர்வீச்சு அளவைக் கருவிகள்

நிலத்தில் விழும் வெயிலின் நேரத்தையும் வலுவையும் அளக்கும் கருவிகள் இவை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கேயுள்ள வாகரையில் நெல் விளைவதும் கருவாடு காய்வதும் வெயிலால்தான். அந்த வெயிலின் பழைய கணக்கைத் தேடுபவர் மட்டக்களப்பு, திருகோணமலை வானிலை நிலையங்களின் ஏடுகளையே புரட்ட வேண்டும்.

இலங்கை நிலையங்களில் அந்தக் கணக்கை எழுதிவந்தது கேம்பல்–ஸ்டோக்ஸ் வெயிற்பதிவி. ஜோன் பிரான்சிஸ் கேம்பல் 1853இல் மரக்கிண்ணத்துள் நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை வைத்தார். குவிந்த கதிர் மரத்தைக் கருக்கித் தடம் பதித்தது. 1879இல் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், உலோகச் சட்டத்தில் மணிக்கோடிட்ட அட்டையைச் செருகும் வகையில் அதைத் திருத்தினார். நிலையங்களுக்கு வந்த வடிவில் இருப்பது சுமார் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள திண்மக் கண்ணாடிக் கோளம். அசையும் உறுப்பு கிடையாது, மின்சாரமும் வேண்டாம். சூரியன் நகர எரிதடமும் நகரும். முகில் மறைத்தால் தடம் அறும். பொழுது சாய்ந்தபின் அட்டையை எடுத்து, கருகிய நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் மணி தெரியும். உப்புக்காற்று வீசும் கரைக்கு இதைவிட ஏற்ற பழைய கருவி இல்லை. ஆனாலும் குறையுண்டு. மாரி மழையில் நனைந்த அட்டை காலையில் தாமதித்தே எரியும். முகில் விட்டுவிட்டு மூடும் நாளில் தடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வெயில் நேரத்தைக் கூட்டிக் காட்டும்.

வெயிலின் வலு வேறு கதை. 1830களில் பிரெஞ்சு இயற்பியலாளர் குளோட் பூயே, கரிபூசிய தட்டையான பாத்திரத்தின் நீர் வெயிலில் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்து, வளிமண்டலத்துக்கு வெளியே சூரிய ஆற்றலைக் கணித்தார். அந்தக் கருவிக்குப் பைரீலியோமீட்டர் என்ற பெயரும் அவர் இட்டதே. அவரது கணிப்பு இன்றைய அலகில் சதுர மீற்றருக்குச் சுமார் 1228 வாற்று. இன்றைய மதிப்பு 1361. வெப்பமானியும் கடிகாரமும் மட்டும் கொண்டு இவ்வளவு நெருங்கியது பெருஞ்சாதனை.

சுவீடனின் கனுட் ஓங்ஸ்ட்ரோம் 1893இல் இரண்டு கரிய உலோகப் பட்டைகளைப் பயன்படுத்தினார். ஒன்று வெயிலில், நிழலில் இருந்த மற்றதற்கு மின்னோட்டம். இரண்டின் சூடும் சமமாகும்போது செலவாகும் மின்திறனே வெயிலின் அளவு. அவர் மகன் ஆண்டர்ஸ் 1924இல் வெயில் மணியிலிருந்து கதிர்வீச்சைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார். கண்ணாடிக் கோளம் மட்டுமே இருந்த ஊர்களுக்கும் ஆற்றல் கணக்கு வாய்த்தது அதன் பிறகுதான்.

வானம் முழுவதிலிருந்தும் வரும் கதிரை அளக்கும் பைரனோமீட்டர்கள் 1920களில் பரவின. இந்தியாவில் அவற்றை வலையமைப்பாக்கியவர் வானிலையியலாளர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1957–58 சர்வதேச புவியியற்பியல் ஆண்டையொட்டிக் கதிர்வீச்சு நிலையங்களை நிறுவினார். கருவிகளை உள்நாட்டிலேயே செய்யவைத்தார். 1980இலும் 1981இலும் வெளியான அவரது தரவு நூல்கள் சூரிய மின் திட்டங்களுக்கு அடிப்படையாயின.

இன்று செயற்கைக்கோள்கள் வெயிலை மதிப்பிடுகின்றன. ஆனால் அவற்றுக்கு முந்தைய வெயிலுக்கு எரிந்த அட்டைகளே சாட்சி. பழைய அட்டைகள் எஞ்சியுள்ள நிலையங்கள் அவற்றைக் கழிவுத்தாளாக ஒதுக்காமல், படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும்.